பனையில் ஏறிய கிணறு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, யாழ்ப்பாணத்தில் ஒரு கோட்டில், நீதிபதிக்கு முன்னால், நான் எழுதிய பத்தி ஒன்றைச் சத்தமாக வாசித்தார்கள். இங்கிலீஷில்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற உங்களுக்குத் தெரியும், நான் பகிடிக்குப் பஞ்சம் வைக்கிறவன் அல்ல. அந்தப் பத்தி வெளியான கிழமை பஸ்ஸிலும் சந்தையிலும் என்னை மறித்துச் சிரித்தவர்கள் எத்தனை பேர். ஆனால் கோட்டு முதலியார் (தமிழை நீதிபதிக்கு இங்கிலீஷில் மாற்றிச் சொல்கிறவர்) என் பகிடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அலசி, பிழிந்து, காயப்போட்டார். கடைசியில் மிஞ்சியது ஒரு குற்றச்சாட்டு மட்டும்தான். அதுவும் ஒரு நல்ல மனிதர் மேல்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நவராத்திரிக் கிழமை கோப்பாயில் ஒரு வாசிகசாலைக்குப் போயிருந்தேன். சுவருக்குச் சுவர் நூல் கட்டி, உடுப்புக் காயப்போடுவதுபோலப் பதினொரு படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. தரைக்கு விரிக்கிற லினோலியத் துண்டில் செதுக்கி, மை பூசி, கடதாசியில் ஒற்றி எடுத்த அச்சுப் படங்கள். செய்தவர் சர்வேயர் விசுவலிங்கம். ஊர் ஊராகச் சங்கிலி இழுத்துக் காணி அளக்கிறவர். காணி வழக்குகளில் கோடு அவரைத்தான் அனுப்பும். ஐம்பது வயது, மெலிந்த தேகம், வெயில் தொப்பி, ஒரு பழைய சைக்கிள்.

முதல் படத்தில் ஒற்றைப் பனை. உச்சியில், ஓலைகளுக்கு நடுவே, ஒரு கிணறு. கட்டு, துலா, வாளி எல்லாம் சரியாக இருந்தன. கீழே ஒரு பெண் குடத்தோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்தது கீரிமலைக் கடல். கரையிலிருந்து அடிவானம் வரைக்கும் நேர்கோட்டில் ஓலைக் கிடுகால் ஒரு வேலி. நடுக்கடலில் அதன் வாசற்படலை திறந்து கிடந்தது.

இன்னொன்றில், புகையிலைத் தோட்டத்தில் ஒரு ரெயில் பெட்டி முளைத்து நின்றது. மண்ணுக்குக் கீழே அதன் வேர்கள்...

ஒவ்வொரு படத்தின் மூலையிலும், காணிப் பிளானில் இருப்பதுபோல, வடக்கைக் காட்டும் அம்புக்குறி ஒன்று. பக்கத்தில் அளவுகோல். கடலில் வேலி போட்டவர் வடக்கு எது என்பதையும் மறக்காமல் குறித்திருக்கிறார்.

கிறுக்கலாக இருந்திருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். இவை கிறுக்கல் இல்லை. கிடுகின் பின்னலை எண்ணலாம். வாளியின் கைப்பிடியில் நெளிவு தெரிந்தது. எல்லாம் அவ்வளவு சரியாக இருந்து, இருக்கிற இடம் மட்டும் அவ்வளவு பிழையாக இருந்தால் ஒரு மனிதன் என்ன செய்வான்? எனக்குக் கோபம் வந்தது. விளங்காத ஒன்றைக் கண்டால் எனக்கு முதலில் கோபம் வரும், பிறகு பகிடி வரும். அந்தக் கிழமைப் பத்தியை அரை மணித்தியாலத்தில் எழுதி முடித்தேன்.

அதில் ஒரு வரியை எனக்கு நானே மிகவும் மெச்சிக்கொண்டேன். ‘இந்தச் சர்வேயர் அளந்த காணியை வாங்குகிறவர்கள் ஓர் ஏணியும் வாங்கி வைக்கவும். உங்கள் கிணறு பனையில் இருக்கக்கூடும்.’

எல்லாரும் சிரித்தார்கள். நானும் அடுத்த கிழமை வேறு விஷயத்துக்குப் போய்விட்டேன்.

மூன்று கிழமைக்கு முன் ஒரு மத்தியானம், ஒரு பெண் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். வெள்ளைச் சேலை, நாற்பத்தைந்து வயதிருக்கும், வெயிலில் கறுத்த முகம். கையில் பத்திரிகைத் துண்டொன்றை நாலாக மடித்து வைத்திருந்தார்.

“ஐயா, இதை எழுதினது நீங்களோ?”

“ஓம்.”

“நல்ல பகிடி. நானும் வாசிச்சுச் சிரிச்சனான்.” கதிரையைக் காட்டினேன், நுனியில் இருந்தார். “இப்ப அந்தப் பகிடியாலை எனக்குக் கிணறு இல்லாமல் போகப்போகுது.”

பெயர் அன்னப்பிள்ளை. கோப்பாயில் வெங்காயமும் கொஞ்சம் புகையிலையும் செய்கிறவர். இவருடைய காணிக்கு மேற்கே தம்பிமுத்து என்பவரின் காணி. கிணறு தம்பிமுத்துவின் காணிக்குள் இருக்கிறது. அதில் இவருக்குப் பங்கு உண்டு. தகப்பன் காலத்திலிருந்து ஒற்றையடிப் பாதையால் போய்த் தண்ணீர் அள்ளிவந்தார்கள். புருஷன் செத்து ஆறு மாதம் ஆகவில்லை, தம்பிமுத்து பாதைக்குக் குறுக்கே கதியால் நட்டு வேலி அடைத்துவிட்டார். பாதை என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்றார். அன்னப்பிள்ளை வழக்குப் போட்டார். கோடு விசுவலிங்கத்தை அனுப்பியது. அவர் வந்து அளந்து, தேய்ந்து கிடந்த பாதையைப் பிளானில் ஒரு புள்ளிக்கோடாகக் குறித்தார்.

“அவர் அளந்துபோட்டுப் போன கையோடை, தம்பிமுத்தர் அந்த இடத்தைக் கொத்தி வாழை வைச்சிட்டார், ஐயா. இப்ப போய்ப் பாத்தால் ஒரு அடையாளமும் இல்லை. அந்தப் புள்ளிக்கோடு ஒண்டுதான் எனக்கு மிச்சம்.”

“சரி... பிளான் இருக்குத்தானே?”

“இருக்கு. ஆனால் அவைக்காக வழக்குப் பேசுற அப்புக்காத்தர் சொல்லுறாராம், கிணத்தைப் பனையிலை ஏத்துற ஆள் பாதையையும் மனசிலை நினைச்சுத்தான் கீறியிருப்பாராம். உங்கடை பேப்பரைக் கோட்டிலை வாசிக்கப் போயினமாம்.”

துண்டை அவர் கையிலிருந்து வாங்கி விரித்தேன்.

“நான் சிரிச்சது படத்தைப் பாத்து, அம்மா. பிளானைப் பாத்து இல்லை.”

“அதை அங்கை வந்து சொல்லுவியளோ?”

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஊர் கூடியிருக்கும் கோட்டில் ஏறி நின்று, நான் எழுதியது சும்மா வாய்க்கு வந்தது என்று சொல்ல எந்த எழுத்தாளனுக்கு ஆசை வரும்? யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். தேத்தண்ணியோடு வந்து நின்ற என் மனைவி முந்திக்கொண்டாள்.

“வருவார்.”

அடுத்த நாளே சர்வேயர் வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் ஒரு மேசை போட்டு, குனிந்து லினோலியத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். குடைக் கம்பியைத் தட்டித் தீட்டிச் செய்த சின்ன உளி. பக்கத்தில் ஒரு பித்தளைக் கரண்டி. மை பூசிய துண்டின் மேல் கடதாசியை வைத்து, அந்தக் கரண்டியின் முதுகால் தேய்த்துத்தான் படம் எடுப்பாராம். அச்சு மெஷின் ஒன்றும் கிடையாது.

நான் யாரென்று சொன்னேன்.

“தெரியும். இருங்கோ,” என்றார். உளியைத் துடைத்து ஓரமாக வைத்தார்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பலாலியில் விமானத் தளம் போட்டபோது, இவரையும் அளவை வேலைக்கு எடுத்திருந்தார்கள். அங்கே ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் இவருக்கு ஒரு படப் புத்தகம் காட்டினாராம். வீட்டுக்குள் மரம், வானத்தில் கதிரை... ஐரோப்பாவில் அதற்கு சர்ரியலிசம் என்று பெயராம். தளத்தை மூடிப் போகும்போது அவர்களுடைய தரையிலிருந்து உரித்துப் போட்ட லினோலியத் துண்டுகளை இவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்.

“ஏன் இப்படிப் படம் கீறுறியள்?” என்று கேட்டேன். பத்தி எழுத முன்பே கேட்டிருக்கவேண்டிய கேள்வி.

“முப்பது வருஷமா வேலி அளக்கிறன். ஒரு விரல் மண்ணுக்கு அண்ணனும் தம்பியும் கத்தி எடுத்ததைக் கண்டிருக்கிறன். கிணறு எங்கை, எல்லை எங்கை, ஆரின்ரை மரம், ஆரின்ரை நிழல்... கிழமையிலை ஆறு நாளும் அதுதான் என்ரை வேலை. ஞாயிற்றுக்கிழமையிலை எல்லாத்தையும் தூக்கி ஒருத்தரும் உரிமை கேக்க ஏலாத இடத்திலை வைச்சுப் பாக்கிறன். கொஞ்சம் ஆறுதலா இருக்கு.”

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். நானும் சிரிக்கவில்லை.

“அடுத்த கிழமைப் பத்தியிலை மன்னிப்புக் கேட்டு எழுதுறன்,” என்றேன்.

“வேண்டாம். என்ரை படத்தைப் பாத்து நீங்கள் சிரிச்சதிலை பிழை ஒண்டும் இல்லை. என்ரை மனிசியும் சிரிக்கிறவ. நீங்கள் பிளானைப் பாக்காமல் பிளானைப் பற்றி எழுதினதுதான் பிழை.”

உள்ளே போய் ஒரு சுருளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். அன்னப்பிள்ளையின் வழக்குப் பிளானின் பிரதி. ஒரு மணித்தியாலம் எனக்குக் காட்டினார். எந்தக் கல்லிலிருந்து தொடங்கினார், சங்கிலி எத்தனை முறை விழுந்தது, ஒரே தூரத்தை ஏன் இரண்டு பக்கத்திலிருந்தும் அளந்தார். மயிரிழைக் கோடுகள். ஓர் அழிப்பு இல்லை. இந்த மனிதரைப் பற்றியா ஏணிப் பகிடி எழுதினேன்? காது சுட்டது.

ஆனபடியால் செவ்வாய்க்கிழமை சாட்சிக் கூட்டில் ஏறினேன்.

என் பத்தி இங்கிலீஷில் செத்த கதையை ஏற்கனவே சொல்லிவிட்டேன். பிறகு தம்பிமுத்துவின் அப்புக்காத்தர் எழுந்தார். அவர் இங்கிலீஷில் கேட்க, முதலியார் தமிழில் மாற்றினார்.

“இதை எழுதியவர் நீர்தானா?”

“ஓம்.”

“இந்தச் சர்வேயர் அளந்த காணியை நம்பி வாங்கக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்.”

“பகிடிக்கு எழுதினது.”

“பகிடிக்கும் ஓர் ஆதாரம் இருக்கவேண்டும். அவர் கீறிய பிளான்களைப் பார்த்த பிறகுதானே எழுதினீர்?”

நல்ல கேள்வி. பார்த்தேன் என்றால் விசுவலிங்கத்தின் தொழில் போய்விடும், அன்னப்பிள்ளையின் கிணறும் போய்விடும். பார்க்கவில்லை என்றால் போவது என்னுடைய மரியாதை மட்டும்தான். அன்னப்பிள்ளை முன்வரிசை வாங்கில் இருந்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாக்கேல்லை.”

“ஒன்றைக்கூடவா?”

“ஒண்டைக்கூடப் பாக்கேல்லை. எழுதின பிறகுதான் பாத்தனான்.”

“பார்க்காததைப் பற்றி எழுதுவது உமது வழக்கமோ?”

“அண்டைக்கு அப்பிடி எழுதிப்போட்டன். பிழைதான்.”

இப்போது கோடு முழுக்கச் சிரித்தது. என் எழுத்துக்குக் கிடைக்காத சிரிப்பு.

அப்புக்காத்தர் என்னை விட்டுவிட்டுப் படத்துக்குப் போனார். வாசிகசாலையிலிருந்து வாங்கிவந்த பனைமரப் படத்தை உயர்த்திப் பிடித்தார். கிணற்றைப் பனையில் ஏற்றுகிற கற்பனை உள்ளவர் தரையில் ஒரு பாதையைக் கற்பனை செய்ய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டார். அழகான வாதம். நானே எழுதியிருப்பேன். படம் சான்றாக நீதிபதியின் மேசைக்குப் போயிற்று.

நீதிபதி கொழும்பிலிருந்து வந்தவர், அதிகம் பேசாதவர். மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புக்காத்தர் மெல்லச் சிரித்தார்.

“இது ஏதாவது உண்மையான கிணறா?” என்று நீதிபதி கேட்டார்.

கூட்டில் எனக்குப் பதிலாக இப்போது விசுவலிங்கம் நின்றார். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தும் தமிழிலேயே பதில் சொன்னார், அன்னப்பிள்ளைக்கும் விளங்கட்டும் என்று.

“ஓம் ஐயா. வழக்குக் கிணறுதான். அளக்கப் போன அண்டைக்கு நோட்டுப் புத்தகத்திலை கீறினது. பேந்து லினோலியத்திலை வெட்டினனான்.”

“அச்சில் இடம் வலமாக மாறிவிடும் அல்லவா?”

“மாறும். அதாலை கண்ணாடியிலை பாத்து, புரட்டிக் கீறித்தான் வெட்டினனான். எடுத்த படம் சரியாத்தான் இருக்கும். மூலையிலை வடக்கு அம்பு போட்டிருக்குது, பாருங்கோ.”

நீதிபதி அம்பைப் பார்த்தார். விரலைப் படத்தின் ஓர் இடத்தில் வைத்தார்.

“கிணற்றுக் கட்டில், கிழக்குப் பக்கம், வெட்டு மாதிரி மூன்று தெரிகிறதே. இவை என்ன?”

“கயிறு உரஞ்சின தடம் ஐயா. கனகாலம் ஒரே இடத்திலை நிண்டு அள்ளினால் கல்லு அப்பிடித் தேயும்.”

தம்பிமுத்து வாங்கில் அசைந்தார். கிழக்கு என்றால் அன்னப்பிள்ளையின் பக்கம். அந்தப் பக்கத்தால் ஒருவரும் எந்தக் காலத்திலும் வந்து அள்ளியதில்லை என்று அரை மணித்தியாலத்துக்கு முன்தான் அவர் சத்தியம் செய்து சொல்லியிருந்தார்.

அப்புக்காத்தர் துள்ளி எழுந்தார். இது வெறும் கற்பனைப் படம், இதை எப்படிச் சான்றாக எடுப்பது என்று ஆட்சேபித்தார்.

“இதைச் சான்றாகக் கொண்டுவந்தவர் நீங்கள்,” என்றார் நீதிபதி. அப்புக்காத்தர் கதிரையில் இருந்துவிட்டார்.

“தடங்களையும் நீர் கற்பனை செய்யவில்லை என்று எப்படி நம்புவது?” இது விசுவலிங்கத்திடம்.

விசுவலிங்கம் அவசரப்படவில்லை.

“கிணத்தைப் பனையிலை வைச்சது நான், ஐயா. அந்தத் தடத்தை வைச்சது நானில்லை. அது அன்னப்பிள்ளையின்ரை கயிறு. நான் சாமானின்ரை இடத்தை மாத்துவன். சாமானை மாத்திறேல்லை. வந்து பாக்கலாம்.”

நீதிபதி சர்வேயரையும் முதலியாரையும் இரு தரப்பாரையும் கூட்டிக்கொண்டு அன்று பின்னேரமே கோப்பாய்க்கு வந்துவிட்டார். நானும் போனேன். என் சாட்சி முடிந்துவிட்டது, ஆனாலும் எப்படி வீட்டுக்குப் போவது?

கிணற்றடிக்குப் போனோம். கட்டு முழுக்க வழுவழுவென்று புதுச் சீமெந்து. ஒரு தடமும் இல்லை.

“கட்டு வெடிச்சுப் போச்சு. அதாலை பூசினனான்,” என்றார் தம்பிமுத்து.

“எப்ப?” என்று முதலியார் கேட்டார்.

“இப்ப... கிட்டடியிலைதான்.”

அன்னப்பிள்ளை வேலிப் பக்கம் திரும்பினார். கதியால் வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய வெங்காயப் பாத்திகள் தெரிந்தன. இரண்டு பாத்தியில் தாள் மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது. வேறு கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து எத்தனை பாத்திக்கு ஊற்றுவது?

விசுவலிங்கம் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். துலாக் காலிலிருந்து நாடாவைப் பிடித்து அளந்து, கிணற்றுக் கட்டில் சுண்ணக்கட்டியால் மூன்று சிறு கோடு போட்டார். எந்த இடத்திலும் தயங்கவில்லை. பிறகு முளை அடிக்கிற சுத்தியலை எடுத்து, முதலாவது கோட்டில் அளவாகத் தட்டினார். சீமெந்து பப்படம்போலப் பெயர்ந்தது. கீழே பழைய கல். கல்லில் ஒரு பள்ளம்.

இரண்டாவது கோட்டிலும் இருந்தது. மூன்றாவதிலும்.

நீதிபதி குனிந்து ஒரு பள்ளத்துக்குள் சுட்டுவிரலை வைத்தார். விரலில் பாதி உள்ளே போயிற்று. எத்தனை வருஷத்துக் கயிறு அது. அன்னப்பிள்ளை கிட்டப் போய், அந்தக் கல்லை உள்ளங்கையால் இரண்டு தரம் தடவினார், மண் தட்டிவிடுவதுபோல.

“என்ரை மனிசன் இதிலை நிண்டுதான் அள்ளுறவர்,” என்றார். அவ்வளவுதான்.

தீர்ப்பு எழுதவேண்டிய தேவையே வரவில்லை. அப்புக்காத்தர் தம்பிமுத்துவை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய்க் காதுக்குள் ஏதோ கதைத்தார். திரும்பி வந்தபோது பாதைக்குச் சம்மதம். வியாழக்கிழமை கதியாலைப் பிடுங்கினார்கள். வாழைகள்கூட அப்படியே நிற்கட்டும் என்று அன்னப்பிள்ளை சொல்லிவிட்டார், அவற்றுக்கு நடுவால் போக வழி இருக்கிறதாம்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்? மன்னிப்புக் கேட்டு எழுதவேண்டாம் என்று விசுவலிங்கம் சொன்னார்; அதனால் நடந்ததை எழுதியிருக்கிறேன். எழுத்துக்கு ஏணிப் பகிடி தேவைதான். ஏறி நின்று பார்த்த பிறகு எழுதலாம் என்று மட்டும் இனி எண்ணியிருக்கிறேன். அந்தப் படங்கள் பெரிய கலையா? எனக்குத் தெரியாது. ரெயில் பெட்டியின் வேர் இன்னும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கனவு காண்கிறவர்தான் இப்படிப் படம் செய்வார் என்று நினைத்திருந்தேன். அந்தப் பின்னேரம் அங்கே நின்றவர்களில் நன்றாகக் கண்ணைத் திறந்து வைத்திருந்தவர் அவர்தான்.

வெள்ளிக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு படம் தாருங்கள் என்றேன். படக் கட்டை அவிழ்த்து, விரும்பியதை எடுக்கச் சொன்னார். என் மனைவி நேரம் எடுத்துப் புரட்டி ஒன்றை இழுத்தாள். மேசைக்கு முன்னால் ஒரு நீளக்கைச் சேட்டு, வெறும் சட்டை, நிமிர்ந்து இருக்கிறது. சேட்டுக்குள் ஆள் இல்லை. தலையும் இல்லை. கைப்பட்டியிலிருந்து ஒரு பேனை நீட்டிக்கொண்டு, மும்முரமாக எழுதுகிறது.

“இதைத் தாங்கோ,” என்றாள்.

நான் சர்வேயரைப் பார்த்தேன்.

“உங்களைக் காண முந்தி வெட்டினது,” என்றார் அவர், கொஞ்சம் அவசரமாக.

வீட்டு ஹோலில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்து, சாயல் நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள். தலையே இல்லாத படத்தில் என் சாயலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.